போர் விமானத்தின் லாகவம் எங்கே இருக்கிறது?

ஆவடி என்றதும் நம் நினைவுக்கு வருபவை டாங்கிகளே. கனரக வாகனத் தொழிற்சாலையில் 1960-களில் 'விஜயந்தா' டாங்கிகள் உருவாகத் தொடங்கிய நாள் முதல் இவ்வூரின் பெயர் இரும்போடும் எஞ்சினோடும் இணைந்துவிட்டது. பின்னர் 1976-ஆம் ஆண்டு இங்கே தோன்றிய போர் வாகன ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனம் 'அர்ஜுன்' டாங்கியை வடிவமைத்தது. ஏறத்தாழ 58 டன் எடையை 1,400 குதிரைத்திறன் கொண்ட எஞ்சினால் இழுத்துச் செல்லும் பெரும் இயந்திரம் அது.

ஆனால் இதே ஆவடி நிறுவனம் வானில் பறக்கும் ஒரு பொருளிலும் தன் முத்திரையைப் பதித்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. நம் நாட்டின் இலகு போர் விமானமான 'தேஜஸ்' உடலுக்குள்ளே இருக்கும் பல்சக்கரப் பெட்டி ஆவடியில் வடிவமைக்கப்பட்டது. எஞ்சினின் ஆற்றலை அப்பெட்டிக்குக் கொண்டு செல்லும் சுழல்தண்டு ஒன்றையும் இந்நிறுவனம் உருவாக்கியது. 2023-ஆம் ஆண்டு மார்ச் 14 அன்று பெங்களூரில் அத்தண்டு ஒரு தேஜஸ் விமானத்தில் பொருத்தப்பட்டு வெற்றிகரமாகப் பறந்தது.

தரையில் ஊரும் டாங்கிக்குப் பல்சக்கரம் செய்தவர்களுக்கு வானில் என்ன வேலை? ஒரு பல்சக்கரப் பெட்டிக்கும் போர் விமானத்தின் திறமைக்கும் என்ன தொடர்பு? இதற்கு விடை காண வேண்டுமானால், ஒரு விமானம் மற்றொன்றைவிடச் 'சிறந்தது' என்று எதை வைத்துச் சொல்கிறோம் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

உச்ச வேகம் மட்டும் போதுமா?

இரு விமானங்களை ஒப்பிடும்போது நாம் முதலில் கேட்கும் கேள்வி, "எது வேகமாகப் பறக்கும்?" என்பதாகும். கேள்வி இயல்பானதுதான். ஆனால் வரலாறு தரும் விடை சற்று வியப்பானது.

நம் விமானப் படையில் 1963 முதல் 2025 செப்டம்பர் 26 வரை பணியாற்றி ஓய்வு பெற்ற மிக்-21 விமானம் ஒலியைப்போல் இருமடங்கு வேகத்தில் பறக்க வல்லது. அதே காலத்தில் நம்மிடம் 'நேட்' என்னும் குட்டி விமானமும் இருந்தது. நேட் என்றால் கொசு என்று பொருள். அதன் நீளம் 9 மீட்டர். இறக்கையின் அகலம் 7 மீட்டருக்கும் குறைவு. சமதளப் பறப்பில் அது ஒலியின் வேகத்தையே எட்டாது. ஆயினும் 1971 நவம்பர் 22 அன்று போய்ரா என்ற இடத்துக்கு மேலே நடந்த வான்போரில் நான்கு நேட் விமானங்கள் பாகிஸ்தானின் சேபர் விமானங்களை எதிர்த்து வென்றன. வீழ்த்தப்பட்ட சேபர்களின் விமானிகளில் இருவர் சிறைப்பிடிக்கப்பட்டனர்.

நேட்டின் பலம் எது? கண்ணில் எளிதில் படாத சிறிய உருவம், விரைவாக மேலே ஏறும் ஆற்றல், பக்கவாட்டில் சட்டெனப் புரளும் திறன் ஆகியவையே. ஒலியை மிஞ்சும் வேகம் விமானியிடம் இருந்தாலும், கண்ணுக்கெட்டும் தூரத்தில் நடக்கும் சண்டையில் அதைப் பயன்படுத்த வாய்ப்பே இல்லை. மேலும், இருமடங்கு ஒலி வேகம் என்பது மிக உயரத்தில், வெளிச் சுமை அதிகம் இல்லாமல், எரிபொருளை வாரி இறைத்துச் சில நிமிடங்களுக்கு மட்டுமே எட்டக்கூடியது. ஆகவே உச்ச வேகம் என்ற ஒரே எண்ணை வைத்துக்கொண்டு விமானத்தை எடை போட இயலாது.

வளைவின் கணக்கு

பூந்தமல்லி பேருந்து நிலையத்திலிருந்து வெளியேறும் ஒரு பேருந்து மணிக்கு 18 கி.மீ. வேகத்தில், 10 மீட்டர் ஆரமுள்ள வளைவில் திரும்புகிறது என்று கொள்வோம். உள்ளே நிற்பவர்கள் ஒரு பக்கமாகச் சாய்கிறார்கள், கம்பியைப் பற்றிக்கொள்கிறார்கள். வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால் கிடைப்பது மையநோக்கு முடுக்கம். இங்கே வேகம் விநாடிக்கு 5 மீட்டர். எனவே முடுக்கம் 25 ÷ 10 = 2.5. இது புவியீர்ப்பு முடுக்கத்தில் கால் பங்கு. இந்தக் கால் பங்குக்கே நாம் கம்பியைத் தேடுகிறோம்!

பேருந்து திரும்பச் சாலையின் உராய்வு உதவுகிறது. வானில் சாலை இல்லை. விமானம் என்ன செய்யும்? அது பக்கவாட்டில் சாய்ந்து, இறக்கை தரும் தூக்கு விசையையே திருப்பத்துக்குப் பயன்படுத்துகிறது. சாய்ந்த நிலையில் தூக்கு விசையின் ஒரு பகுதி விமானத்தின் எடையைத் தாங்குகிறது. மீதிப் பகுதி வளைவின் மையத்தை நோக்கி இழுக்கிறது. சாய்வு அதிகமாக அதிகமாக, இறக்கை எடையைப்போல் பல மடங்கு விசையைத் தர வேண்டியிருக்கும். இம்மடங்கைத்தான் விமானிகள் 'ஜி' என்கிறார்கள். 60 பாகை சாய்ந்து உயரம் குறையாமல் திரும்பினால் 2 ஜி. ஏறத்தாழ 83 பாகை சாய்ந்தால் 8 ஜி.

8 ஜி திருப்பத்தில் 60 கிலோ எடையுள்ள விமானி 480 கிலோ கனப்பதாக உணர்வார். தலையில் உள்ள இரத்தம் கால்களை நோக்கி இறங்கும், பார்வை மங்கும், நினைவு தப்பவும் கூடும். இதைத் தடுக்கவே கால்களையும் வயிற்றையும் காற்றழுத்தத்தால் இறுக்கும் தனி உடையை அவர்கள் அணிகிறார்கள்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். மணிக்கு 720 கி.மீ., அதாவது விநாடிக்கு 200 மீட்டர் வேகத்தில் ஒரு விமானம் 8 ஜி-யில் திரும்புகிறது. 8-இன் வர்க்கத்திலிருந்து ஒன்றைக் கழித்தால் 63. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 7.94. இதை 9.8 ஆல் பெருக்கினால் மையநோக்கு முடுக்கம் சுமார் 78. வேகத்தின் வர்க்கமான 40,000-ஐ 78 ஆல் வகுத்தால் ஆரம் ஏறத்தாழ 514 மீட்டர். முழு வட்டம் அடிக்க 16 விநாடி போதும்.

அதே விமானம் வேகத்தை இரட்டித்து, மணிக்கு 1,440 கி.மீ.-இல் அதே 8 ஜி-யில் திரும்பினால் என்ன ஆகும்? ஆரம் நான்கு மடங்காகி 2 கி.மீ.-ஐத் தாண்டுகிறது. வட்டமடிக்க 32 விநாடி ஆகிறது. அம்பத்தூர் இரயில் நிலையத்திலிருந்து ஆவடி நிலையம் வரை ஏறத்தாழ 6 கி.மீ. தூரம். மெதுவாகச் செல்லும் விமானத்தின் வட்டம் அதில் ஆறில் ஒரு பங்கில் அடங்கிவிடும். வேகமாகச் செல்வதற்கோ மூன்றில் இரு பங்கு தேவை. வேகம் கூடினால் லாகவம் குறைகிறது என்பதை இதிலிருந்தே உணரலாம். (மணிக்கு 600 கி.மீ. வேகத்தில் 5 ஜி திருப்பத்தின் ஆரம் என்ன என்று மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். விடை: சுமார் 580 மீட்டர்.)

அப்படியானால் வேகத்தை மிகவும் குறைத்துவிடலாமே என்று கேட்கத் தோன்றும். அதுவும் இயலாது. இறக்கை தரும் தூக்கு விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. நேராகப் பறக்கக் குறைந்தது மணிக்கு 250 கி.மீ. வேகம் தேவைப்படும் ஒரு விமானத்துக்கு, 8 மடங்கு தூக்கு விசை வேண்டுமானால் 8-இன் வர்க்கமூலமான 2.83 மடங்கு வேகம், அதாவது மணிக்குச் சுமார் 700 கி.மீ. தேவை. இதற்குக் கீழே இறக்கையால் 8 ஜி தர முடியாது; இதற்கு மேலே வட்டம் பெரிதாகிவிடும். எனவே ஒவ்வொரு விமானத்துக்கும், ஒவ்வோர் எடைக்கும், மிகக் கூர்மையாகத் திரும்பக்கூடிய ஒரு வேகம் உண்டு. அந்த வேகத்தில் எதிரியைச் சந்திப்பவரே பாதி வென்றவர்.

ஆற்றல் என்னும் சேமிப்பு

இதுவரை கண்டது ஒரு கணத்துக்கான கணக்கு. கூர்மையாகத் திரும்பும் விமானம் அதே வேகத்தில் தொடர்ந்து திரும்ப முடியுமா என்பது அடுத்த கேள்வி.

இதைத் தெளிவான கணிதமாக்கியவர் ஜான் பாய்ட் என்னும் அமெரிக்க விமானப் படை அதிகாரி. கொரியப் போரில் சேபர் விமானம் ஓட்டியவர். 1960-களில் தாமஸ் கிறிஸ்டி என்ற கணித வல்லுநரோடு சேர்ந்து அவர் உருவாக்கிய கோட்பாட்டின் சாரம் இதுதான்: விமானிக்கு இரண்டு வகைச் சேமிப்பு உண்டு, ஒன்று உயரம், மற்றொன்று வேகம். ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைப் பெறலாம். மலை மேல் நிற்கும் மிதிவண்டி இறங்கும்போது வேகம் பெறுவதும், அவ்வேகத்தால் எதிர்மேட்டில் ஏறுவதும் நாம் அறிந்ததே.

வேகத்தின் வர்க்கத்தை 19.6 ஆல் வகுத்து உயரத்தோடு கூட்டினால், விமானத்தின் மொத்தச் சேமிப்பை மீட்டர் அளவிலேயே சொல்லிவிடலாம். 5,000 மீட்டர் உயரத்தில் விநாடிக்கு 100 மீட்டர் வேகத்தில் செல்லும் விமானத்தின் சேமிப்பு சுமார் 5,510 மீட்டர். 3,000 மீட்டர் உயரத்தில் விநாடிக்கு 225 மீட்டர் வேகத்தில் செல்வதன் சேமிப்பு சுமார் 5,580 மீட்டர். உயரத்தில் 2 கி.மீ. வேறுபாடு இருந்தும் இருவரும் ஏறக்குறையச் சம செல்வர்களே!

இச்சேமிப்பை எஞ்சின் நிரப்புகிறது. காற்றின் பின்னிழு விசை கரைக்கிறது. கூர்மையான திருப்பத்தில் கரைவது எவ்வளவு என்பதைக் கற்பனை விமானம் ஒன்றைக் கொண்டு பார்ப்போம். அதன் எடை 100 கிலோ நியூட்டன், அதாவது ஏறத்தாழ 10 டன். எஞ்சினின் உந்து விசை 80 கிலோ நியூட்டன். வேகம் விநாடிக்கு 200 மீட்டர். நேராகப் பறக்கும்போது அதன் மீதான பின்னிழு விசை 20 என்று கொள்வோம். இதில் 18 பங்கு உடல் காற்றைக் கிழிப்பதால் வருவது. 2 பங்கு இறக்கை தூக்கு விசை தருவதால் வருவது.

இந்த இரண்டாவது பங்கில்தான் சூட்சுமம் இருக்கிறது. அது ஜி-யின் வர்க்கத்தைப் பொறுத்து வளர்கிறது. 8 ஜி திருப்பத்தில் 2 என்பது 64 மடங்காகி 128 ஆகிவிடும். மொத்தப் பின்னிழு விசை 146. எஞ்சின் தருவதோ 80. பற்றாக்குறை 66! இக்கணக்கின்படி விமானம் விநாடிக்கு 132 மீட்டர் வீதம் சேமிப்பை இழக்கிறது. உயரத்தை விடாமல் இதே வீதத்தில் ஐந்து விநாடி திரும்பினால், மணிக்கு 720 கி.மீ. ஆக இருந்த வேகம் 590-க்கு இறங்கிவிடும்.

வேகம் குறையாமல் திரும்ப வேண்டுமானால் பின்னிழு விசை 80-ஐத் தாண்டக் கூடாது. அதற்கு ஜி-யின் வர்க்கம் 31 ஆக இருக்க வேண்டும். அதாவது சுமார் ஐந்தரை ஜி. அப்போது வட்டமடிக்க 16 விநாடிக்குப் பதில் 23 விநாடி ஆகும். முதலாவது ஒருமுறை பாயும் திருப்பம். இரண்டாவது தாக்குப்பிடிக்கும் திருப்பம். ஒரு விமானத்தின் விளம்பரத் தாளில் முதல் எண்ணையும் மற்றொன்றின் தாளில் இரண்டாவது எண்ணையும் எடுத்து ஒப்பிட்டால், முடிவு தவறாகத்தான் இருக்கும்.

சூலூரும் தஞ்சையும்

இனி உண்மையான இரு விமானங்களைப் பார்ப்போம். இரண்டும் தமிழ்நாட்டு வானுக்கு அறிமுகமானவை. தேஜஸ் விமானங்களைக் கொண்ட 45-ஆவது படைப்பிரிவு 2018-இல் கோவையை அடுத்த சூலூருக்கு வந்தது. 18-ஆவது படைப்பிரிவு 2020 மே 27 அன்று அங்கேயே தேஜஸைப் பெற்றது. அதே ஆண்டு ஜனவரி 20 அன்று தஞ்சாவூரில் 222-ஆவது படைப்பிரிவு சுகோய்-30 விமானங்களோடு தொடங்கப்பட்டது.

தேஜஸ் 13 மீட்டர் நீளமுள்ள ஒற்றை எஞ்சின் விமானம். சுகோய்-30 ஏறத்தாழ 22 மீட்டர் நீளமுள்ள இரட்டை எஞ்சின் விமானம். வெளிச் சுமை இல்லாத நிலையில் தேஜஸின் எடை சுமார் 9.8 டன், இறக்கைப் பரப்பு 38.4 சதுர மீட்டர். ஒவ்வொரு சதுர மீட்டரும் தாங்குவது 255 கிலோ. சுகோயின் வழக்கமான புறப்பாட்டு எடை 26 டன். இறக்கைப் பரப்பு 62 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டர் தாங்குவது ஏறத்தாழ 420 கிலோ. இதை மட்டும் பார்த்தால் தேஜஸே கூர்மையாகத் திரும்பும் என்று தோன்றும்.

ஆனால் உந்து விசையைப் பாருங்கள். தேஜஸின் எஞ்சின் உச்ச நிலையில் தருவது சுமார் 85 கிலோ நியூட்டன். அதன் எடையில் 0.88 பங்கு. சுகோயின் இரு எஞ்சின்களும் சேர்ந்து தருவது 246 கிலோ நியூட்டன், எடையில் 0.96 பங்கு. இழந்த ஆற்றலை விரைவாக ஈடுகட்டுவதில் சுகோய்க்கு முன்னிலை. இறக்கை வடிவத்திலும் வேறுபாடு உண்டு. தேஜஸின் முக்கோண இறக்கை குட்டையானது, அகன்றது. சுகோயின் இறக்கை 14.7 மீட்டர் அகலத்துக்கு நீண்டு விரிந்தது. நீண்ட இறக்கையில், தூக்கு விசைக்காகக் கொடுக்கும் பின்னிழு விசை என்னும் 'வரி' குறைவு. எனவே முதல் பாய்ச்சலில் முக்கோண இறக்கை வல்லது. தாக்குப்பிடிக்கும் திருப்பத்தில் நீண்ட இறக்கை வல்லது எனலாம்.

இவ்வளவும் சொன்ன பிறகும் கணக்கு முடியவில்லை. சுகோயின் அகன்ற உடலும் தூக்கு விசை தருகிறது. ஆகவே 420 என்ற எண் அதன் திறனைக் குறைத்தே காட்டுகிறது. அதன் எஞ்சின் வாய்கள் திசை திரும்பக்கூடியவை. மிகக் குறைந்த வேகத்திலும் மூக்கை விரும்பிய பக்கம் திருப்ப அவை உதவுகின்றன. ஆனால் அப்படித் திருப்பும்போது சேமிப்பு ஆற்றல் வெகுவாகக் கரைந்துவிடும். தேஜஸோ சிறிய உருவத்தால் எளிதில் கண்ணில் படாது. இறக்கையின் கீழே எரிபொருள் தொட்டிகளையும் குண்டுகளையும் தொங்கவிட்டால் இரண்டின் எண்களும் மாறிவிடும். எந்தச் சுமையோடு, எந்த உயரத்தில், எந்த வேகத்தில் என்று கேட்காமல் "எது சிறந்தது?" என்று கேட்பதில் பொருளில்லை.

கொரியாவில் கிடைத்த பாடம்

எண்கள் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. 1950 முதல் 1953 வரை நடந்த கொரியப் போரில் சோவியத்து மிக்-15 விமானமும் அமெரிக்கச் சேபரும் மோதின. மிக்-15 விரைவாக ஏறியது. அதிக உயரத்தை எட்டியது. தாளில் உள்ள எண்கள் பலவற்றில் அதற்கே முதலிடம். ஆயினும் சேபர் விமானிகள் அதைச் சமாளித்தனர். பல சண்டைகளில் வென்றனர்.

பாய்ட் இதற்குக் கூறிய காரணங்கள் இரண்டு. ஒன்று, சேபரின் கண்ணாடிக் கூண்டு நாற்புறமும் நன்றாகப் பார்க்க இடம் தந்தது. மற்றொன்று, சேபரின் கட்டுப்பாட்டுப் பரப்புகளை ஹைட்ராலிக் முறை, அதாவது எண்ணெய் அழுத்தம், இயக்கியது. மிக்-15இல் விமானி தன் கைவலிமையையே பெரிதும் நம்ப வேண்டியிருந்தது. அதிவேகத்தில் காற்று கட்டுப்பாட்டுப் பரப்பை அழுத்திப் பிடிக்கும்போது கைக்கோலை அசைப்பது கடும் உழைப்பு. இடப்புறத் திருப்பத்திலிருந்து வலப்புறத் திருப்பத்துக்கு, ஏற்றத்திலிருந்து இறக்கத்துக்கு மாறுவதில் சேபர் முந்திக்கொண்டது. சில கணங்களே முந்தினாலும், ஒவ்வொரு மாற்றத்திலும் அது சேர்ந்துகொண்டே போனது.

லாகவம் என்பது இதுதான். ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்கு எவ்வளவு விரைவாக மாறுகிறோம் என்பதே அதன் அளவுகோல். கபடி ஆட்டத்தில் வேகமாக ஓடுபவரைவிடச் சட்டெனத் திசை மாறுபவரே பிடிபடாமல் தப்புகிறார் அல்லவா? நாம் முன்பு கண்ட நேட் விமானத்தின் கதையும் இதையே வலியுறுத்துகிறது. அதன் பெரிய தொல்லை, வால் பகுதியை இயக்கிய ஹைட்ராலிக் கட்டுப்பாட்டு அமைப்பில்தான் இருந்தது. எஞ்சினும் இறக்கையும் நன்றாக இருந்தும், இடையிலுள்ள இந்த அமைப்பு விமானிகளைப் பலமுறை சோதித்தது.

நிலையாமையில் ஒரு நன்மை

இன்றைய போர் விமானங்கள் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டன. பழைய விமானங்கள் இறகு கட்டிய அம்பு போன்றவை. காற்று சற்றுத் தள்ளினாலும் தாமாகவே நேர்நிலைக்குத் திரும்பும். இது பாதுகாப்பானது, ஆனால் திரும்ப விரும்பும் விமானியையும் அது எதிர்க்கும். தேஜஸ் போன்ற விமானங்கள் வேண்டுமென்றே நிலையற்றவையாக வடிவமைக்கப்படுகின்றன. உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்திய துடைப்பக் குச்சிபோல, விட்டால் சாய்ந்துவிடும். ஆனால் சாய்க்க விரும்பினால் சிறு அசைவே போதும்.

துடைப்பக் குச்சியை நிறுத்த நம் கை இடைவிடாமல் அசைகிறது. தேஜஸில் அவ்வேலையைக் கணிப்பொறி செய்கிறது. விமானி கைக்கோலை அசைப்பது ஒரு வேண்டுகோள் மட்டுமே. நான்கு வழித்தடங்கள் கொண்ட கணிப்பொறி அமைப்பு அதை ஆராய்ந்து, விநாடிக்குப் பலமுறை இறக்கையின் பின்விளிம்பிலுள்ள பரப்புகளுக்கு ஆணையிடுகிறது. இம்முறையோடுதான் 2001 ஜனவரி 4 அன்று தேஜஸின் முதல் மாதிரி பெங்களூரில் வானேறியது.

ஆணையிடக் கணிப்பொறிக்கு மின்சாரம் வேண்டும். ஆணையை நிறைவேற்ற எண்ணெய் அழுத்தம் வேண்டும். இவ்விரண்டும் எங்கிருந்து வருகின்றன? இங்கேதான் நாம் ஆவடிக்கு வந்து சேருகிறோம்.

ஆவடியின் பங்கு

ஜெட் எஞ்சினின் நடுவே சுழலும் அச்சிலிருந்து சிறிதளவு ஆற்றல் பிரித்தெடுக்கப்படுகிறது. அது சுழல்தண்டு வழியாக விமான உடலில் பொருத்தியுள்ள பல்சக்கரப் பெட்டியை அடைகிறது. அப்பெட்டி ஹைட்ராலிக் பம்புகளையும் மின்னாக்கியையும் தக்க வேகத்தில் சுழற்றுகிறது. எஞ்சினை முதலில் கிளப்பும்போது பாதை தலைகீழாகிறது. சிறிய தொடக்க எஞ்சின் ஒன்று பெட்டியைச் சுழற்ற, தண்டு வழியாகப் பெரிய எஞ்சின் உயிர் பெறுகிறது. விமானியின் கைக்கும் இறக்கைக்கும் இடையே உள்ள இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால், எஞ்சின் எவ்வளவு முழங்கினாலும் லாகவம் இல்லை. அவசர மாற்று ஏற்பாடுகள் போர் விமானங்களில் உண்டு. அவை வீடு திரும்பத்தான் உதவும், போரிட அல்ல.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கடைசல் இயந்திரத்தின் முன் நின்று வேலை செய்தவர்களுக்கு, சுழலும் தண்டு எவ்வளவு பொல்லாதது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கணக்கு மட்டும் பாருங்கள். நிமிடத்துக்கு 15,000 முறை சுழலும் தண்டில், அச்சிலிருந்து 1 செ.மீ. தள்ளி வெறும் 1 கிராம் உலோகம் கூடுதலாக இருந்தால், அது வெளிநோக்கி இழுக்கும் விசை சுமார் 25 நியூட்டன். இரண்டரைக் கிலோ எடைக்குச் சமமான இவ்விசை விநாடிக்கு 250 முறை திசை மாறித் தாங்கிகளைக் குலுக்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒவ்வொரு தண்டுக்கும் ஓர் இயற்கை அதிர்வெண் இருக்கிறது. ஊஞ்சலைச் சரியான தாளத்தில் தள்ளினால் அது மேலும் மேலும் உயர்வதுபோல, சுழற்சி வேகம் அவ்வதிர்வெண்ணோடு ஒத்துப்போனால் தண்டு துள்ளி முறிந்துவிடும். விமானி விசையைக் கூட்டிக் குறைக்கும்போதெல்லாம் எஞ்சினின் சுழற்சி வேகம் மாறிக்கொண்டே இருக்கும் அல்லவா? மாறும் அத்தனை வேகங்களிலும் தண்டு பத்திரமாக இயங்கும்படி ஆவடி நிறுவனத்தார் தனி நுட்பம் ஒன்றைக் கையாண்டனர். இத்தகைய தண்டை உருவாக்கும் திறன் உலகில் சில நாடுகளுக்கே உண்டு.

மேலும், 8 ஜி திருப்பத்தில் விமான உடல் சற்றே வளைகிறது. சூட்டால் எஞ்சின் விரிகிறது. தண்டின் ஒரு முனை எஞ்சினிலும் மறுமுனை உடலிலும் இருப்பதால், இரு முனைகளும் ஒரே நேர்கோட்டில் நில்லாமல் விலகும். அவ்விலகலைத் தாங்கிக்கொண்டே தண்டு சுழல வேண்டும். பல்சக்கரப் பெட்டிக்குள் உள்ள எண்ணெயும், விமானம் தலைகீழாகப் பறக்கும்போதுகூட, எல்லாப் பற்களையும் நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

டாங்கியில் கரடுமுரடான நிலத்தின் குலுக்கலைத் தாங்கும் பல்சக்கரத்தை வடிவமைத்த அனுபவம் இங்கே கைகொடுத்தது. வேறுபாடு எடையில்தான். டாங்கியில் சில கிலோ கூடினால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். விமானத்தில் கிராம் கணக்குப் பார்க்க வேண்டும்.

ஏவுகணைக் காலத்தில் லாகவம் எதற்கு?

கண்ணுக்கெட்டாத தொலைவிலிருந்து ஏவுகணை பாயும் இக்காலத்தில் திருப்பங்களுக்கு என்ன தேவை என்று சிலர் கேட்கலாம். ஏவுகணைகள் விமானத்தைப்போல் பல மடங்கு ஜி-யில் திரும்பக்கூடியவை என்பது உண்மையே. ஆனால் ஏவுகணையின் எரிபொருள் சில விநாடிகளிலேயே தீர்ந்துவிடும். அதன் பிறகு அதுவும் சேமிப்பைச் செலவிட்டே பறக்கிறது. தக்க நேரத்தில் திரும்பி அதைத் திசை மாறச் செய்யும் விமானம் அதன் ஆற்றலைக் கரைத்துவிடுகிறது. தொலைவில் நடக்கும் போரிலும் ஆற்றல் கணக்கே ஆட்சி செய்கிறது. தொலைநோக்கும் ராடார், மறைந்து பறக்கும் வடிவம், விமானியின் தலைக்கவசத்திலேயே குறி பார்க்கும் கருவி ஆகியவை இன்று லாகவத்தோடு சேர்த்து எண்ணப்பட வேண்டியவை.

இக்கணக்குகளை வெறும் எண் விளையாட்டாகக் கருதலாகாது. 2025 நவம்பர் 21 அன்று துபாய் விமானக் கண்காட்சியில் சாகசப் பறப்பின்போது ஒரு தேஜஸ் விமானம் விழுந்து நொறுங்கி, அதன் விமானி உயிரிழந்தார். ஒரு விபத்தின் காரணத்தை ஆராய்ந்து கூறுவது விசாரணைக் குழுவின் பணி. ஆனால் தாழ்வாகப் பறந்து லாகவம் காட்டும் எந்த விமானிக்கும் உயரம் என்னும் சேமிப்பு இல்லை என்ற உண்மை எல்லா நாட்டினருக்கும் பொதுவானது. அங்கே அவர் நம்பி நிற்பது எஞ்சினை, இறக்கையை, இவற்றுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாமல் சுழலும் தண்டையும் பற்களையும்தான்.

அடுத்த முறை இரு போர் விமானங்களை ஒப்பிடும் பட்டியல் ஒன்றைக் காண நேர்ந்தால், உச்ச வேகத்தோடு நின்றுவிடாதீர்கள். எந்த எடையில், எந்த உயரத்தில், எவ்வளவு நேரம் என்று கேளுங்கள். ஒரு நிலையிலிருந்து மறுநிலைக்கு மாற எத்தனை கணம் என்றும் கேளுங்கள். அக்கேள்விக்கான விடையில் ஒரு சிறு பகுதி, ஆவடியில் ஓர் ஆய்வுக்கூடத்தின் சோதனை மேடையில் எழுதப்பட்டது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.